ஒலிநாடாவின் இரண்டாம் பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்ட பாடல்களின் பெயர்களை எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். பெயர்களை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அவை எல்லாமே உன் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே இருப்பவை பழுதில்லாத பாடல்கள். நம் வீட்டில் ஒலித்தவை அப்படிப்பட்டவை அல்ல. கீறல் விழுந்த இசைத்தட்டிலிருந்து நாடாவுக்குப் போன பாட்டு, நாடா தீர்ந்துபோனதால் பாதியில் அறுந்த பாட்டு, பதிவாகும்போது அறைக்குள் யாரோ கதவைச் சாத்திய சத்தத்தோடு நிலைத்துவிட்ட பாட்டு என்று ஒவ்வொன்றிலும் நம் வீட்டின் அடையாளம் ஒன்று பதிந்திருந்தது. அந்தப் பாடல்களைத்தான் நீ கேட்கிறாய் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றி ஒரு செய்தி. அன்றைக்கு அவர் தொலைபேசியை இரண்டு நிமிடங்களிலேயே என்னிடம் கொடுத்துவிட்டார் என்று நீ வருந்தினாய். முதுமையில் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் கொண்டுபோகிறது. ஒருவர் பேசுவது அவருக்குக் கேட்கிறது, ஆனால் ச, த போன்ற எழுத்துகள் உதிர்ந்துவிடுவதால் என்ன பேசுகிறார் என்பது பிடிபடுவதில்லை. தொலைபேசியில் முகமும் தெரியாது, உதட்டசைவும் தெரியாது. உன்னிடம் பேசப் பிடிக்காமல் அவர் கொடுத்துவிடவில்லை. நீ சொன்னதையே உன்னை மூன்று முறை சொல்ல வைக்க மனம் வராமல் கொடுத்தார். செவிக்கருவி பேச்சுக்கு ஓரளவு உதவுகிறது. இசைக்கு அது ஒத்துவரவில்லை, எல்லாம் தகரத்தில் தட்டுவதுபோல் இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். பிறகு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்கிறார்.

அந்தப் பெட்டியும் நாடாக்களும் அப்பாவின் சேமிப்பு என்றுதான் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். நீயும் சிறுவயதில் அப்படித்தான் நினைத்திருப்பாய். ராக் இசை என்னுடையது. திருமணத்துக்கு முன்பே, இசைத்தட்டுகளை இரவல் வாங்கி 90 நிமிட நாடாக்களில் பதிந்து வைத்திருந்தேன். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். அந்தக் காலத்து இசைத்தட்டு ஒன்று பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். நான் மிகவும் போற்றிய நாடாவில் முதல் பக்கத்தில் லெட் செப்பெலின் குழுவின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பும், இரண்டாம் பக்கத்தில் பிங்க் ஃபிளாய்டு குழுவின் 1975ஆம் ஆண்டுத் தொகுப்பும் இருந்தன. இரண்டாம் பக்கத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

அப்பாவுக்குத் தொடக்கத்தில் இந்த இசை இரைச்சலாகத்தான் பட்டது. என் பொருட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பார். அவரை உள்ளே இழுத்தது லெட் செப்பெலினின் ஜான் பான்ஹாம் வாசித்த டிரம்ஸ். அந்த முதல் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘வென் த லெவி பிரேக்ஸ்’ தொடங்கும்போது கேட்கும் அடி, ஏதோ பெரிய கட்டடமே நடந்து வருவதுபோல் இருக்கும். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, ஒலிவாங்கிகளை மேலே மாடிப்படியின் உயரத்தில் தொங்கவிட்டுப் பதிந்தார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்து அவரிடம் சொன்னேன். அன்று மாலையே அவர் ஸ்பீக்கர்களை நம் மாடிப்படியின் அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மேலே போய் நின்று கேட்டார். அப்போது உனக்கு ஆறு வயது இருக்கும். படிகளின் நடுவே உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு படியாக நீ சறுக்கி இறங்கினாய். கீழே வந்ததும் மறுபடி மேலே ஓடினாய். அந்த ஸ்பீக்கர்கள் ஒரு மாதம் படிக்கட்டிலேயே இருந்தன, நானும் அவற்றைத் தாண்டியே நடந்து பழகிவிட்டேன்.

அதே பக்கத்தில்தான் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ இருக்கிறது. எட்டு நிமிடப் பாடல். அதன் தொடக்கத்தில் கிதாரோடு சேர்ந்து ஜான் பால் ஜோன்ஸ் வாசிக்கும் மரக்குழல்கள் ஒலிக்கும். டிரம்ஸ் வருவதற்கு நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும். இப்போது அப்பாவுக்கு அந்தக் குழலோசை எட்டுவதே இல்லை. ஆனாலும் பாடலை நடுவிலிருந்து போட்டால் அவர் ஒப்புக்கொள்வதில்லை. முதலிலிருந்தே போடச் சொல்கிறார். கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறார். குழல் எங்கே தொடங்குகிறது, எங்கே ஓய்கிறது என்பதை என் முகத்திலிருந்து தெரிந்துகொள்கிறார் போலும். டிரம்ஸ் வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார்.

பீட்டில்ஸ் குழுவின் ‘ஹே ஜூட்’ பாடலை உன் பட்டியலில் நீயே எழுதியிருப்பாய். ஜான் லெனனும் அவர் மனைவியும் பிரிந்த 1968இல், அவர்களுடைய ஐந்து வயது மகன் ஜூலியனைப் பார்க்கக் காரில் போகும் வழியில், அந்தக் குழந்தைக்கு ஆறுதலாகப் பால் மெக்கார்ட்னி பாடத் தொடங்கியது அது. ஏழு நிமிடத்துக்கும் மேற்பட்ட பாடலில் பாதிக்கும் மேல், சொற்களே இல்லாத அந்த ‘நா நா நா’தான். ஒலிப்பதிவுக்கு வந்திருந்த வாத்தியக் கலைஞர்களையும் கூடச் சேர்ந்து பாடவும் கைதட்டவும் சொன்னார்கள். எவரும் சேர்ந்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்த பாடல் என்பதாலோ என்னவோ, அப்பா தனியாக வாய் திறந்து பாடிய ஒரே ஆங்கிலப் பாட்டும் அதுதான். உனக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபடி அந்த நான்கு நிமிடங்களை மட்டும் அவர் திரும்பத் திரும்பப் பாடுவார். சுருதி எங்கெங்கோ போகும். நீ தூங்கிய பிறகும் நிறுத்த மாட்டார்.

குவீன் குழுவின் ‘போஹீமியன் ராப்சடி’ நம்முடைய பயணப் பாட்டு. அதன் நடுவில் வருகிற பெருங்கூட்டத்தின் குரல்கள் எல்லாம் ஃபிரெடி மெர்குரி, பிரையன் மே, ராஜர் டெய்லர் என்ற மூன்றே பேருடையவை. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ முறை பதிந்து பதிந்து நாடாவே தேய்ந்துபோயிற்று என்பார்கள். நாமும் மூன்று பேர் என்பதால் காரில் குரல்களைப் பிரித்துக்கொண்டோம். டெய்லரின் உச்சக் குரல் எனக்கு, மெர்குரியின் நடுக்குரல் உனக்கு, அடிக்குரல் அப்பாவுக்கு. 1991 நவம்பரில் மெர்குரி இறந்த செய்தி வந்தபோது நீ மிகவும் சிறியவன். அப்படியானால் நடுக்குரலை இனிமேல் யார் பாடுவார்கள் என்று கேட்டாய். நீதான் என்று சொன்னேன்.

நீ கிதார் கற்றுக்கொண்ட ஆண்டில் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாடலின் தொடக்கத்தை எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. கிதாரைக் கையில் எடுக்கிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் வாசிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூவில், தாங்கள் ஒலிப்பதிவு செய்ய வந்த கட்டடம் தங்கள் கண்ணெதிரே தீப்பற்றி எரிந்ததையும், ஏரியின் மேல் புகை படர்ந்ததையும் அப்படியே பாட்டாக்கிய டீப் பர்ப்பிள் குழுவுக்கு அந்தச் சில சுரங்களே போதுமானவையாக இருந்தன. ரிச்சி பிளாக்மோர் அதைத் தகட்டால் மீட்டாமல் விரல்களால் மீட்டினார் என்று அறிந்த நாளில் நீயும் தகட்டைத் தூக்கிப் போட்டாய். உன் விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்ததை நான் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது.

ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ ஏன் இல்லை என்று நீ கேட்கக்கூடும். அதன் முடிவில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிதாரில் மாறி மாறிப் பேசிக்கொள்வதை நான் எப்போதும் மதித்தே வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டு ஒலித்தபோது நம் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

நம் வீட்டில் நடந்தவற்றுள் எழுதக் கடினமானது ஒன்று உண்டு. உனக்குப் பத்தொன்பது வயதில், படிப்பை விட்டுவிட்டு வெளியூர் போகிறேன் என்று நீ சொன்னாய். அப்பாவும் நீயும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அந்த வாரம் முழுவதும் உன் அறையில் கேட் ஸ்டீவன்ஸின் ‘ஃபாதர் அண்ட் சன்’ ஓடிக்கொண்டிருந்தது. 1970இல், இருபதுகளின் தொடக்கத்தில், ஒரே ஆளாகத் தந்தைக்குத் தாழ்ந்த குரலிலும் மகனுக்கு உயர்ந்த குரலிலும் அவர் பாடிய பாட்டு அது. பொறு, அவசரப்படாதே என்று தந்தை சொல்கிறார். நான் போக வேண்டும் என்று மகன் சொல்கிறான். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதாகவே பாட்டில் இல்லை. நீ அதை அப்பாவின் காதில் விழ வேண்டும் என்றே போட்டாயா என்று நான் இதுவரை கேட்டதில்லை. அவர் உன் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். என்ன சொல்கிறான் அந்தப் பையன் என்று என்னிடம் கேட்டார். நான் வரி வரியாகப் பொருள் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி, அதன் உடைந்த கைப்பிடியைத் திருகாணி போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார். நீ எடுத்துக்கொண்டு போன பெட்டி அதுதான். கைப்பிடியை யார் சரிசெய்தது என்று நீ அறிந்திருப்பாயோ மாட்டாயோ என்ற எண்ணம் எனக்கு இத்தனை ஆண்டுகளாக இருந்து வந்தது.

இனி அந்த இரண்டாம் பக்கம். பிங்க் ஃபிளாய்டின் தொடக்க காலத்தில் குழுவை நடத்தியவர் சிட் பாரெட். மனம் பிறழ்ந்து 1968இல் அவர் குழுவை விட்டு விலக நேர்ந்தது. அவருடைய நினைவு நிறைந்த அந்தத் தொகுப்பை 1975இல் லண்டனில் மற்றவர்கள் பதிந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் அறைக்குள் வந்து நின்றார். அவர்தான் பாரெட் என்று பழைய நண்பர்களுக்கே முதலில் தெரியவில்லை. தொகுப்பின் பெயரைத் தாங்கிய ‘விஷ் யூ வேர் ஹியர்’ பாடல், யாரோ வானொலியின் திருகைத் திருப்புவதுபோல் தொடங்கும். எங்கோ தொலைவில், மெலிந்த ஒலியில் ஒரு கிதார் கேட்கும். அந்த வானொலியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருமிவிட்டு, தன் கிதாரை எடுத்து அதோடு சேர்ந்து வாசிப்பதுபோல் இன்னொரு கிதார், நெருக்கமாக, வந்து சேரும். குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மோருடைய அந்த இருமலை அவர்கள் நீக்கவில்லை. தொலைவிலிருப்பதோடு சேர்ந்து வாசிக்கிற அந்த மனிதரைத்தான், நீ வீட்டை விட்டுப் போன பிறகு, நான் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் நாடாவில் அந்த இரண்டாவது கிதார் தொடங்குவதில்லை. உனக்கு நான்கு வயதில் ஒரு மாலை, பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, டேப் ரெக்கார்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடி, பதிவுப் பொத்தானையும் சேர்த்து அழுத்திவிட்டாய். நாடாவின் விளிம்பில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் மடலை உடைத்துவிட்டால் அதன்மேல் மறுபடி பதிய முடியாது. நான் உடைக்காமல் விட்டிருந்தேன். இருமல் கேட்கும், அதோடு பாட்டு அறுந்துபோகும், பதினைந்து விநாடிகளுக்கு உன் குரல் கேட்கும். அன்று இரவு நான் அந்த மடலை உடைத்தேன். பாட்டு போனது போனதுதான், உன் குரலாவது அழியாமல் இருக்கட்டும் என்று உடைத்தேன்.

சென்ற வாரம் நீ தொலைபேசியை வைத்த பிறகு அந்த நாடாவைத் தேடி எடுத்துப் போட்டேன். அப்பா வழக்கம்போல் பெட்டியின் மேல் கையை வைத்து உட்கார்ந்தார். கிதார், இருமல், பிறகு நீ. ஏதோ குழந்தைக் குரல் என்பது அவருக்குத் தெரிந்தது, சொற்கள் பிடிபடவில்லை. அதை அடுத்து வந்த ஆண் குரல் தாழ்ந்த குரல் என்பதால் அவருக்குத் தெளிவாகவே கேட்டது. “இருக்கு. நீ பேசு, அது கேட்டுக்கிட்டே இருக்கும்.” அது தன்னுடைய குரல் என்று உணரவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. குழந்தை என்ன கேட்டான் என்று என்னிடம் கேட்டார். உனக்கு எழுதத் தொடங்கியிருந்த இந்தத் தாளின் பின்புறத்தில் நீ கேட்டதை எழுதிக் காட்டினேன். திருப்பினால் நீயும் பார்க்கலாம். “அப்பா, இதுக்குக் காது இருக்கா?”

அவர் அதைப் படித்துவிட்டு, நாடாவைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை போடச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா