பக்கத்தில் உட்காரத் தெரிய வேண்டும்

திருச்சி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயில்தான் பத்து மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட விடுவதில்லை.

உன் பேரன் என்ஜினீயரிங்கை முடித்துவிட்டு வயலின்தான் வாழ்க்கை என்று நிற்கிறான், என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். அவன் அனுப்பிய கல்யாணி ராக ஆலாபனையை இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல கை. மேல் ஸட்ஜத்தில், அதாவது மேல் 'ஸ'வில், நிதானமாக நின்று, அவசரமே இல்லாமல் இறங்குகிறான். வில்லைத் திருப்பும் இடம் காதில் விழவில்லை. அவன் திறமையில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் தனிக் கச்சேரி மட்டும்தான் வாசிப்பேன், பாடகருக்குத் துணையாக வாசிக்கும் பக்கவாத்தியம் வேண்டாம் என்கிறானாமே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

வயலின் மேதை லால்குடி ஜெயராமனையே எடுத்துக்கொள். 1930-ல் பிறந்தவர். அவர் முன்னோர் ராமய்யர் தியாகராஜரிடமே பாடம் கேட்டவர். அப்பா கோபாலய்யர்தான் குரு, அதுவும் கண்டிப்பான குரு. பன்னிரண்டு வயதில் மேடையேறியது பக்கவாத்தியக்காரராகத்தான். 1965-ல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்டு மேல்நாட்டு வயலின் மேதை யெஹூதி மெனுஹின் தன் இத்தாலிய வயலினையே கொடுத்தார். அடுத்த வருஷம் ரமணியின் குழலும் திருவனந்தபுரம் வெங்கடராமனின் வீணையும் சேர்ந்த மூவர் கச்சேரியைத் தொடங்கினார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் எல்லாம் வந்தன. நாட்டிய மேடைகளில் இன்றைக்கும் அவருடைய தில்லானாக்கள் ஒலிக்கின்றன. இதெல்லாம் பேரனுக்குத் தெரிந்திருக்கும். இதற்கெல்லாம் முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் அவர் பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை அவன் யோசித்திருப்பானா?

யார் யாருக்குப் பக்கத்தில் என்று பார். பாடகர் அரியக்குடியின் கச்சேரி மத்தியம காலத்தில், அதாவது நடுத்தர வேகத்தில், கச்சிதமாக நடக்கும். பாட்டின் வரியை மாற்றிப் பாடும் சங்கதி ஒன்று கூடினாலும் துருத்திக்கொண்டு தெரியும். ஜி.என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.) பிர்காக்களை, மின்னல் வேக ஸ்வரச் சுழல்களை, அள்ளி வீசுவார். அதே வேகத்தில் விரல் ஓடவேண்டும், ராகமும் குலையக்கூடாது. மதுரை மணி ஐயர் ஸ்வரம் பாடினால் தாளக் கணக்கே கண்ணில் படாது, தாளத்தின் இயல்பான ஓட்டமான சர்வலகுவில் மிதந்து போகும். அங்கே கணக்குப் போட்டு முடிக்கும் கோர்வையைக் காட்டி மிரட்டினால் கச்சேரியே கெட்டுப்போகும். ஆலத்தூர் சகோதரர்களிடம் அப்படியே எதிர், பல்லவிக் கணக்கில் ஒரு கணம் கவனம் தப்பினால் போச்சு. புல்லாங்குழல் மாலி அடுத்து என்ன செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனை பேரோடும் ஒரே மனிதர் வாசித்தார், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு வயலின்காரராக.

மணி ஐயருடன் அவர் வாசித்த பழைய பதிவு ஏதாவது ஒன்றைப் பேரனுக்குப் போட்டுக் காட்டு. மணி ஐயர் ராகத்தின் ஒரு பிடியை, சின்ன ஸ்வரக் கோவையை, பாடி விடுவதற்குள் வயலின் அதன் வாலைத் தொட்டிருக்கும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன இழை, அவ்வளவுதான். பிறகு ஜெயராமன் தன் முறை வரும்போது, பாடியதில் பாதி நேரம்கூட எடுக்காமல், அதே ராகத்தில் மணி ஐயர் போகாத ஒரு மூலைக்குப் போய்விட்டுத் திரும்புவார். கீர்த்தனை வாசித்தாலோ வார்த்தை எங்கே பிரிகிறது என்பது வில்லிலேயே தெரியும். பின்னாளில் தனிக் கச்சேரியில் வயலின் பாடுகிறது என்று ஜனங்கள் கொண்டாடியதற்கு மூலதனம், பாடுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அந்த வருஷங்கள்தான் என்பது என் தீர்மானம்.

சம்பாத்தியத்தையும் மறைக்காமல் அவனிடம் சொல்லிவிடு. சன்மானத்தில் பெரும்பங்கு பாடுகிறவருக்கு, பக்கவாத்தியத்துக்குக் குறைவுதான். ஆரம்ப வருஷங்களில் பலருக்கும் சோறு போடுவது டியூஷன்தான். இப்போது அமெரிக்கப் பிள்ளைகளுக்கு விடியற்காலையில் ஆன்லைன் வகுப்பு எடுத்துவிட்டு, சாயங்காலம் கச்சேரிக்குக் கிளம்புகிறார்கள். மைக் வராத காலத்தில் அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டும் என்று வயலின் வித்வான் மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினே செய்துகொண்டார். இப்போது மைக் இருக்கிறது, ஆனால் வயலினைக் குறைத்துவைக்கிற ஆளும் கூடவே இருக்கிறார். போன மாதம் ஒரு சபாவில் அருமையாக வாசித்த ஒரு பெண்ணை மூன்றாவது வரிசையிலேயே சரியாகக் கேட்க முடியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

இன்னொன்று. பாடுகிறவருக்கு ஏற்ற சுருதிக்குத் தந்தியை மாற்றுவதே தனி அப்பியாசம். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று சொல்வோம். ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை. பெண் குரல் ஐந்து, ஐந்தரைக்கும் போகும். தந்தியின் விறைப்பு மாறினால் விரலின் அழுத்தம் மாறும், ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகமும் மாறும். அவனுடைய பதிவுகள் எல்லாமே ஒரே சுருதியில்தான் இருக்கின்றன. வீட்டில் தனியாக வாசித்தால் இந்தப் பழக்கம் வரவே வராது.

அதனால் வேலைக்குப் போ என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மூன்று மாதம் அவனை என்னிடம் அனுப்பு. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, எத்தனை மணி நேரம் சாதகம் செய்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இங்கே கோயில் கச்சேரிகளில் பாடுகிற இளம் பிள்ளைகள் வயலினுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். இரண்டு பேரிடம் பேசியும் வைத்துவிட்டேன். பாடப்போகும் பாட்டுகளின் பட்டியல் முன்கூட்டியே கிடைக்காது என்று அவனிடம் இப்போதே சொல்லிவை. ஐந்தரைக் கட்டைக்குத் தாங்குகிற தந்தி ஒரு செட் கூடுதலாக எடுத்துவரட்டும், முதல் கச்சேரியே ஒரு பெண்ணுக்குத்தான்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்