அட்டைப்படத்துக்குக் கீழே ஒரு வரி

அன்புள்ள தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்களில் பலருக்கு அட்டையும் உள்பக்கமும் வடிவமைத்துத் தருகிறவன் நான். போன மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் நடராஜர் படம் ஒன்று வந்தது. “இதையே அட்டைக்குப் போட்டுடுங்க” என்றார்கள். 600 பிக்சல்கூட இல்லை. மூலையில் யாரோ ஒரு புகைப்படக்காரரின் பெயரை அழித்த தடம் தெரிந்தது. எங்கே எடுத்தது என்று கேட்டேன். “நெட்ல கிடைச்சது.”

டெம்மி அளவுப் புத்தகத்தின் அட்டை உயரம் எட்டரை அங்குலம். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 2550 பிக்சல் வேண்டும். 600 பிக்சல் படத்தை இழுத்துப் போட்டால் நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகன் முகம் கரைந்து வெறும் கறையாகத்தான் அச்சாகும். அதைவிட, இன்னொருவர் உழைப்பை அவர் பெயரை அழித்துவிட்டு எடுப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

அப்படி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதற்காகத்தான் இந்த மடல். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகத்தில் 11ஆம் நூற்றாண்டுச் சோழர்கால நடராஜர் இருக்கிறார். சேகரிப்பு எண் 1930.331. காப்புரிமை இல்லாத தன் கலைப்பொருட்களின் படங்களை 2019 ஜனவரியில் அந்த அருங்காட்சியகம் ‘சிசி ஜீரோ’ முறையில் திறந்துவிட்டது. அனுமதி கேட்க வேண்டாம், பணம் கட்ட வேண்டாம், விற்கிற புத்தகத்திலும் போடலாம். அச்சுக்கென்றே 3400 பிக்சல் வரையிலான ஜேபெக் தருகிறார்கள். அது போதாவிட்டால் டிஃப் கோப்பும் உண்டு.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் (சுருக்கமாக மெட்) அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியிலேயே சுமார் 3,75,000 படங்களை இப்படிக் கொடுத்துவிட்டது. அங்கே 57.51.3 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டுப் பார்வதி, எழுபது சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த உயரம். பூப் பிடிப்பதற்காக வளைந்த வலக்கை விரல்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது அன்றைக்கு வேலையே ஓடவில்லை எனக்கு.

ஆனால் அருங்காட்சியகத் தளத்தில் இருப்பதெல்லாம் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியம் தன் படங்களை வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும்தான் விட்டிருக்கிறது. நீங்கள் விலை போடும் புத்தகம் அதில் அடங்காது. மெட்டிலும் எல்லாமே திறந்தவை அல்ல. தேடும்போது ‘ஓபன் ஆக்சஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இலவசமாக எடுத்தாயிற்று. அப்புறம் எதற்குப் படம் எங்கிருந்து வந்தது என்று போட வேண்டும்? சிசி ஜீரோவில் அப்படிக் கட்டாயம் இல்லைதான். நான் கேட்பது வேறு காரணத்துக்காக. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியது. அது அந்தக் கோயிலின் சிலைதான் என்று காட்டிக்கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அந்தப் படத்தோடு ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் இல்லாமல் போயிருந்தால், ஆயிரம் நடராஜர் படங்களில் அதுவும் ஒன்றாகக் கிடந்திருக்கும். நாமோ வருடத்துக்கு எத்தனையோ சிலைகளை ஊரும் பேரும் இல்லாமல் அட்டையில் அச்சடித்துக்கொண்டிருக்கிறோம். நம்முடைய சிலைகள் கடல் கடந்து எப்படிப் போயின என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. அதைக் கேட்பதற்கும் முதலில் எந்தச் சிலை, எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அதனால் அடுத்த புத்தகத்திலிருந்து பதிப்பு விவரம் போடும் இம்பிரிண்ட் பக்கத்தில், ஐஎஸ்பிஎன்னுக்குக் கீழே, எனக்கு ஒரு வரி இடம் கொடுங்கள்:

அட்டைப்படம்: நடராஜர், சோழர் காலம், 11ஆம் நூற்றாண்டு. கிளீவ்லாந்து கலை அருங்காட்சியகம், 1930.331.

எட்டு பாயிண்டில் போட்டாலும் போதும்.

அன்புடன்,
உங்கள் பக்க வடிவமைப்பாளர்