பச்சை விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரச் சாலைகளை அனைவருக்கும் பாதுகாப்பானவையாக மாற்றும் திட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கண்காணிப்புக் கேமரா, தலைக்கவசச் சோதனை, அபராத உயர்வு, விழிப்புணர்வு வாரம் என்று பலவற்றையும் கட்டுரையாளர் எடுத்துரைத்திருந்தார். அவற்றில் எதையும் மறுப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் தலைப்பிலேயே இருந்த 'அனைவருக்கும்' என்ற சொல், கட்டுரைக்குள் எங்கோ தொலைந்துவிட்டதாக எனக்குப் பட்டது. ஒரு தெரு அனைவருக்கும் பாதுகாப்பானதா என்பதை, அந்தத் தெருவில் எல்லோரையும்விட மெதுவாக நடப்பவரைக் கொண்டுதான் அளக்க முடியும். சாலையைக் கடப்பவர்களுக்காக எரியும் பச்சை விளக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டாகக் கைத்தடியுடன் நடக்கிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் ஒரே சந்திப்பைத் தினமும் கடந்திருந்தும், அங்கே பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகிறது என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ணாமல் காலைக் கீழே வைப்பதில்லை.

சிக்னல் நேரத்தைக் கணக்கிடும் பொறியாளர்கள், நடப்பவர் ஒருவர் நொடிக்கு 1.2 மீட்டர் தூரம் செல்வார் என்று பல நாடுகளில் நீண்ட காலமாகவே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இளைஞர்களுக்கு இது எளிய வேகம். ஆனால் 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், 65 வயதைக் கடந்த ஆண்களின் சராசரி நடைவேகம் நொடிக்கு 0.9 மீட்டராகவும் பெண்களுடையது 0.8 மீட்டராகவும் மட்டுமே இருந்தன. ஆறு தடங்கள் கொண்ட, 18 மீட்டர் அகலமுள்ள ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். பொறியாளரின் கணக்குப்படி அதைக் கடக்க 15 நொடி போதும். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டி அந்த 15 நொடியில் 12 மீட்டர்தான் சென்றிருப்பார். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு தடங்கள் கிடக்க, அவற்றில் காத்திருந்த வண்டிகளுக்கு அப்போது பச்சை விழும். உயரமான நடைபாதையிலிருந்து தடியை ஊன்றி இறங்குவதற்கு ஆகும் நேரத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இந்தப் பிழையை உணர்ந்து திருத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேடு 2009ஆம் ஆண்டுப் பதிப்பில், நொடிக்கு 4 அடி என்றிருந்த நடைவேகத்தை 3.5 அடியாகக் குறைத்தது. அதே ஆண்டில் சிங்கப்பூர், முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் சலுகை அட்டையை சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு கூடுதலாகச் சில நொடிகள், சாலையின் அகலத்தைப் பொறுத்து 13 நொடிகள் வரைகூட, எரியும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அருமையான ஏற்பாடு; ஆயினும் அதிலும் எனக்கு ஒரு சிறு குறை தென்படுகிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடப்பவருக்கும், காலில் கட்டுப் போட்ட இளைஞருக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அந்த அட்டை இராது. மெதுவாக நடப்பது ஒரு சிலருக்கு மட்டும் நேர்ந்த விதிவிலக்கு அல்ல; எல்லோருக்கும் வாழ்நாளில் சில காலம் வந்துபோகும் நிலை அது. ஆகவே அடிப்படைக் கணக்கே அந்த நடையிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன்.

பச்சை விளக்கை நீட்டினால் வண்டிகள் தேங்கி நிற்கும் என்று உடனே மறுப்பு வரும். அதற்கும் வழி உண்டு. நேரத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகத் தூரத்தைக் குறைக்கலாம். சந்திப்பை ஒட்டிய இடத்தில் வண்டி நிறுத்துவதைத் தடுத்து, அங்கே நடைபாதையை இரு பக்கமும் இரண்டரை மீட்டர் முன்னே நீட்டிவிட்டால், 18 மீட்டர் சாலை கடப்பவருக்கு 13 மீட்டராகிவிடும். அதே மூதாட்டி ஏறத்தாழ 16 நொடியில் மறுபக்கம் சேர்ந்துவிடுவார். ஓட்டுநர் அவரைத் தொலைவிலேயே பார்க்கவும் இது உதவும், ஏனெனில் நிறுத்திவைத்த வண்டிகளின் மறைவிலிருந்து அவர் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. மூலை கூர்மையாகிவிடுவதால் திரும்பும் வண்டியும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அகலமான சாலைகளின் நடுவே, சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்கு இடமுள்ள திட்டு ஒன்று அமைத்தால் ஒரே மூச்சில் கடக்க வேண்டிய கட்டாயமும் நீங்கிவிடும். வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்குச் சில நொடிகள் முன்னதாகவே நடப்பவர்களுக்குப் பச்சையைக் கொடுப்பது இன்னொரு வழி. திரும்பும் வண்டி வருவதற்குள் அவர்கள் சாலையின் நடுவுக்கு, அதாவது ஓட்டுநரின் பார்வைக்குள், வந்துவிடுவார்கள். நியூயார்க் நகரம் இதை ஆயிரக்கணக்கான சந்திப்புகளில் செய்திருக்கிறது. இதற்குப் புதிய கட்டுமானம் எதுவும் தேவையில்லை, சிக்னல் பெட்டியில் நேரத்தை மாற்றினால் போதும்.

இவ்வளவு எளிய வழிகள் இருக்க, பாதசாரிகளின் பாதுகாப்பு என்றதும் பல நகராட்சிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது நடைமேம்பாலம்தான். ஏறவும் இறங்கவும் படிகள் அமைத்து, அதில் ஏற முடியாதவர்களையும் ஏற நேரமில்லாதவர்களையும் கீழே விட்டுவிட்டு, பிறகு அவர்கள் சாலையின் குறுக்கே நடப்பதைக் குற்றமாக்குவதை என்னால் எப்போதுமே புரிந்துகொள்ள முடிந்ததில்லை. மின்தூக்கி வைக்கிறோம் என்பார்கள்; அது இயங்குகிற நாட்களில் சரி. அதிவேக நெடுஞ்சாலைக்கு மேம்பாலம் பொருத்தமாக இருக்கலாம். கடையும் பள்ளியும் மருத்துவமனையும் உள்ள தெருவில், வண்டி நேராகப் போவதற்காக மனிதர் மாடி ஏறி இறங்குவது தலைகீழ் ஏற்பாடு.

இனி வேகம். கட்டுரையாளர் இதைக் காவல் துறையின் பொறுப்பாக மட்டுமே பார்த்திருக்கிறார். எனக்கு இது இயற்பியல் கணக்காகத் தெரிகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் ஆளைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த ஒரு நொடியிலேயே ஏறக்குறைய 14 மீட்டர் கடந்திருக்கும். முதல் கார் முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது காரின் ஓட்டுநர் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். வேகம் சற்றும் குறையாமல் மோதுவார். சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு பங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் பின்னணியும் இதுதான். 2021ஆம் ஆண்டில் உலகச் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் என்பதும், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்தவர்களும் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ சென்றவர்களும் என்பதும் அந்த நிறுவனம் தரும் கணக்குகளே.

வேகத்தைக் குறைத்தால் ஊர் நின்றுவிடும் என்ற அச்சத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டரை 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 72 நொடி, 30 கிலோமீட்டர் வேகத்தில் 120 நொடி. வித்தியாசம் 48 நொடி. அதுவும் வழியில் ஒரு சிக்னலோ ஒரு திருப்பமோ இல்லாத தெருவில்தான். உண்மையான நகரத்தில், விரைந்து சென்றவர் அடுத்த சிவப்பு விளக்கில் நம்மோடு சேர்ந்துதான் நிற்கிறார்.

இது ஏட்டளவில் உள்ள ஆசை அல்ல. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் 2024 ஜூலை முதல் 2025 ஜூலை வரையிலான ஓராண்டில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஏழு லட்சத்தை நெருங்கும் மக்கள்தொகை கொண்ட நகரம் அது. அங்கே பாதிக்கும் மேற்பட்ட தெருக்களில் வேக வரம்பு 30 கிலோமீட்டர். வரம்பை அறிவித்துவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. தடங்களைக் குறுக்கி, தெருவோரம் மரங்களை நட்டு, வேகமாக ஓட்டினால் ஓட்டுநருக்கே சங்கடமாக இருக்கும்படி தெருவின் உருவத்தை மாற்றினார்கள். நார்வேயின் ஆஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுவதிலும் சாலையில் நேர்ந்த மரணம் ஒன்றே ஒன்று. அவரும் காரில் சென்றவர். நடந்தோ மிதிவண்டியிலோ சென்ற எவரும் அந்த ஆண்டில் அங்கே இறக்கவில்லை. விசாலமான ஆறு தடச் சாலையைப் போட்டுவிட்டு ஓரத்தில் '30' என்று ஒரு பலகையை நட்டால், ஓட்டுநர் பலகையைப் படிப்பதில்லை, சாலையைப் படிக்கிறார்.

அவை செல்வம் மிக்க நாடுகள், குளிர் நாடுகள், அங்குள்ள மக்கள் விதிகளை மதிப்பவர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். செல்வத்தைப் பொறுத்தவரை, வெள்ளைக் கோடும் நீட்டிய நடைபாதையும் சிக்னல் நேர மாற்றமும் மேம்பாலத்தைவிட மலிவானவை. மக்களைப் பொறுத்தவரை, ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் சாலை மரணங்களைப் பூஜ்யமாக்கும் கொள்கையை ஏற்றபோது, மனிதர்கள் தவறு செய்யவே செய்வார்கள் என்பதையே அடிப்படையாக வைத்தது. தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது, அப்படி இராமல் பார்த்துக்கொள்வது சாலையை அமைப்பவர்களின் பொறுப்பும் ஆகும் என்றது அது. விதியை மதிக்காதவர்கள் மிகுந்த இடத்தில்தான் அத்தகைய சாலை கூடுதலாகத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விபத்துக்குப் பின் நாம் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். பின்லாந்தில் உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு சாலை விபத்தையும், காவல் துறையினர் மட்டுமன்றி, சாலைப் பொறியாளர், வாகனப் பொறியாளர், மருத்துவர், மனித நடத்தையை ஆராய்பவர் ஆகியோரும் அடங்கிய குழு விசாரிக்கிறது. யாரைத் தண்டிப்பது என்பது அந்தக் குழுவின் வேலையன்று. பெரும்பாலான இடங்களில் நாம் படிப்பதோ, 'கவனக்குறைவாகச் சாலையைக் கடந்த முதியவர் பலி' என்ற இரண்டு வரிச் செய்தியைத்தான். அந்த இடத்தில் கடவை இருந்ததா, இருந்தால் பச்சை எத்தனை நொடி, இல்லையென்றால் அடுத்த கடவை எவ்வளவு தூரம், தெருவிளக்கு எரிந்ததா, வண்டி என்ன வேகத்தில் வந்தது என்பவை அச்செய்தியில் இருப்பதில்லை. தங்கள் நாளிதழின் செய்தியாளர்களும் இவற்றைக் கேட்டு எழுதலாமே என்பதை உரிமையோடு முன்வைக்கிறேன்.

திட்டங்களைத் தீட்டும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தச் சந்திப்பைச் சீரமைப்பதாக இருந்தாலும், வரைபடத்தில் கையெழுத்திடும் முன், கைத்தடியுடன் நடக்கும் ஒருவரையும், சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரையும், பார்வையற்ற ஒருவரையும் அழைத்துச் சென்று, காலையில் ஒரு முறையும் இருட்டிய பின் ஒரு முறையும் அந்த இடத்தைக் கடக்கச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூவரில் யாருக்கு மிக அதிக நேரம் ஆகிறதோ, அந்த நொடிகளையே சிக்னல் பெட்டியில் பதியுங்கள்.

இப்படிக்கு,
கைத்தடியுடன் நடக்கும் வாசகர் ஒருவர்