‘ஆல்தோ’வை எங்கே வைப்பது

தலவாக்கலை

அன்புள்ள மகள்,

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் சம்பளம், லயம் என்கிற வரிசை வீடு பற்றி நீ அனுப்பிய ஆங்கில அறிக்கையை முழுக்க வாசித்துவிட்டேன். விஷயம் சரி, கணக்கும் சரி. எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. தோட்டக் கம்பனி சொல்வதற்கு எதிராக நீ எங்கெல்லாம் பேச வருகிறாயோ, அங்கெல்லாம் உன் வசனமே கம்பனி பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இரண்டாம் பக்கத்து முதல் வசனத்தைப் பார். ‘இருந்தாலும்’ என்று அர்த்தப்படும் ‘ஆல்தோ’வில் தொடங்கி, பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, எடுக்க வேண்டிய கொழுந்தைக் கூட்டிவிட்டார்கள் என்பதை முன்னால் வைத்திருக்கிறாய். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது என்பதைப் பின்னால் வைத்திருக்கிறாய். வாசிக்கிறவர் மனதில் எது நிற்கும்? ஆயிரம் ரூபாய்தான் நிற்கும். ‘அதுதான் கூட்டிக் கொடுத்தாயிற்றே’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். ‘ஆல்தோ’ எந்தப் பாதியில் ஒட்டுகிறதோ அந்தப் பாதி அடங்கிப்போகும். அதை நாமே ‘இருக்கட்டும், பரவாயில்லை’ என்று விட்டுக்கொடுப்பது போல ஆகிவிடும். ஆகவே சம்பளத்துக்கு ‘ஆல்தோ’ போடு, கொழுந்துக் கணக்கைத் தனி வசனத்துக்குரிய பலத்தோடு பின்னால் விடு. சம்பள நிர்ணய சபை 900 ரூபாயும் 100 ரூபாய் படியுமாகச் சேர்த்து ஆயிரம் ஆக்கியது என்பதை ‘ஆல்தோ’ பாதிக்குள்ளேயே அடக்கிவிடலாம். அதற்குப் பிறகு, கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுகிறது என்று முடி. அங்கேதான் முற்றுப்புள்ளி வர வேண்டும்.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை குறைவு. ‘சம்பளம் கூடினாலும்’ என்பது முன்னால்தான் வரும், சொல்ல வந்தது தானாகவே கடைசியில் போய் நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ பகுதியை முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். அதனால் எது எங்கே என்று நாம்தான் யோசித்து வைக்க வேண்டும்.

அப்புறம், ஆறாம் பந்தியில் ‘ஆல்தோ’ போட்டுவிட்டு நடுவில் ‘பட்’டும் போட்டிருக்கிறாய். நம் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். ஆங்கிலம் இரண்டையும் சேர்த்துத் தாங்காது, ஒன்றை எடுத்துவிடு. என்னைக் கேட்டால் ‘பட்’டை வைத்துக்கொள். படித்தவர்கள் அதைச் சின்னப்பிள்ளைச் சொல் என்று ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நேரே வந்து நிற்கும், யாருக்கும் விளங்கும்.

‘எனினும்’ என்கிற ‘ஹவெவர்’ பற்றி உனக்கு நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? தோட்டத்து ஆபீசில் துரைமாரின் கடிதங்களை டைப் அடித்துத்தானே எனக்குத் தலை நரைத்தது. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று எழுதிக்கொடுத்தால் பதில் வரும். முதல் வசனத்தில் கோரிக்கையை மிகுந்த அனுதாபத்தோடு கவனித்தோம் என்று இருக்கும். இரண்டாவது வசனம் ‘ஹவெவர்’ என்று தொடங்கும். அந்தச் சொல்லை அடிக்கும்போதே எனக்குத் தெரியும், இந்த வருஷம் தகரம் வராது. தொழிற்சங்கத் தலைவர்மார் சிலருக்கும் பழகிவிட்டது. கடிதத்தைக் கையில் வாங்கியதும் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுவார்கள், இருந்தால் மீதியை வாசிக்கச் சொல்ல மாட்டார்கள். மரியாதையாக மறுப்பதற்கு அதைவிட வாகான சொல் ஆங்கிலத்தில் இல்லை. நீ மறுக்கிற இடத்தில் இல்லை, கேட்கிற இடத்தில் இருக்கிறாய். ஆகவே உன் அறிக்கையில் அது ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். இப்போது பக்கத்துக்குப் பக்கம் கிடக்கிறது.

அதற்கு நிறுத்தற்குறியும் முக்கியம். இரண்டு முழு வசனங்களுக்கு நடுவில் வெறும் கொமாவைப் போட்டு ‘ஹவெவர்’ என்று தொடரக் கூடாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் கொமா வேண்டும். ‘ஹவெவர் ஹார்ட் தே பிளக்’ என்று எழுதினால் கதையே வேறு. அங்கே கொமா இல்லை, ‘என்னதான் ஓடி ஓடிப் பறித்தாலும்’ என்று அர்த்தம்.

‘டெஸ்பைட் ஒஃப்’ என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. ‘இன் ஸ்பைட்’டுக்குத்தான் ‘ஒஃப்’ வேண்டும், ‘டெஸ்பைட்’டுக்கு வேண்டாம். இரண்டுக்கும் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும், முழு வசனத்தைக் கொண்டுபோய் அப்படியே ஒட்ட முடியாது. ‘மழையையும் பொருட்படுத்தாமல்’ என்பதற்கு ‘டெஸ்பைட் த ரெய்ன்’ என்றால் சரி. ‘மழை பெய்தது’ என்று முழுசாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஆல்தோ’வுக்குப் போ.

இதைவிடப் பெரிய கோளாறு லயத்து அறைகளைப் பற்றிய பந்தியில். அறைகள் குடியிருக்கத் தகுந்தவை என்று கம்பனி சொன்னதை எழுதிவிட்டு, அடுத்த வசனத்தை ‘ஒன் த அதர் ஹேண்ட்’ என்று தொடங்கி, சுவரில் ஈரம் ஊறுவதையும் ஒரே அறையில் மூன்று தலைமுறை படுப்பதையும் சொல்கிறாய். அப்படி எழுதினால் கம்பனி சொன்னதும் உண்மை, இதுவும் உண்மை, இரண்டு பக்கத்தையும் பாருங்கள் என்றாகிறது. நீ சொல்ல வந்தது அதுவா? அவர்கள் சொன்னது பொய் என்பதுதானே! அதற்கு ‘ஒன் த கொன்ட்ரரி’. முன்னால் சொன்னதை அப்படியே மறுத்துவிட்டு, உள்ளது இதுதான் என்று காட்டுகிற சொல் அது. நிதானமாக இருப்பதாகக் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டு அந்தப் பந்தி முழுவதையும் விட்டுக்கொடுத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். கொழும்பு ஆபீசில் அப்படித்தான் எழுதச் சொல்வார்கள் போலிருக்கிறது.

ஆண் பெண் வேலை நேரம் பற்றி எழுதிய இடத்தில் ‘வைல்’ வேண்டாம். தேயிலைச் செடியின் கிளையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் கொடுத்த அளவை முடித்துவிட்டு இரண்டு மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவார்கள், கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு ஐந்து மணியாகும், பேர் ஒன்றுதான். ‘வைல்’ என்றால் ‘அந்த நேரத்தில்’ என்றும் எடுக்கலாம், ‘ஆனால் இவர்களோ’ என்றும் எடுக்கலாம். ‘வெயர்ஆஸ்’ போட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறாய் என்பதில் சந்தேகமே வராது. ஆனால் சட்டப் பத்திரங்களின் தலையில் வரும் ‘வெயர்ஆஸ்’ வேறு. ‘இவ்விதம் இருப்பதனால்’ என்று காரணம் சொல்வதற்கு அது. குழப்பிக்கொள்ளாதே.

‘நொட்வித்ஸ்டேண்டிங்’கை வக்கீல்மாருக்கு விட்டுவிடு. குத்தகைப் பத்திரத்தில் அந்தச் சொல் வந்தால் மட்டும் மேலே கீழே நன்றாகப் பார். மற்ற இடத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்த வாசகம்தான் செல்லும் என்பதற்காகப் போடுவது அது. ‘அப்படியிருந்தும்’ என்கிற ‘நெவர்த்தலெஸ்’ அறிக்கைக்குப் பொருந்தும், ஆனால் கூட்டத்தில் வாயால் பேசும்போது வேண்டாம், துரை வேஷம் கட்டியது போல இருக்கும். பேசும்போது வசனத்தின் கடைசியில் ஒரு ‘தோ’ போட்டால் போதும். ‘ஆல்தோ’வைக் கடைசியில் அப்படித் தனியாக விட முடியாது.

சிவப்புப் பேனாவால் கோடு போட்ட பக்கங்களைத் தம்பியிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை என்றால் இரண்டாம் பக்கத்தையும் லயத்துப் பந்தியையும் மட்டுமாவது மாற்று. அறிக்கையோடு போகிற முகப்புக் கடிதத்தை நீ எனக்கு அனுப்பவில்லை. பெரிய ஆட்கள் அதை மட்டும்தான் வாசிப்பார்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை அனுப்பு.

அப்பா