விளையாட்டுக் குறிப்போடு அளவும் வயதும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் நாளிதழ்களின் சிறுவர் பக்கங்களில் அரிசியை அள்ளி அளப்பது, மாவில் உருவம் செய்வது, குச்சியில் வீடு கட்டுவது என்று நிறைய வருகிறது. படம் அழகாக இருக்கும். எவ்வளவு, எதில், எந்த வயதுக்கு என்பது இருக்காது. கூடம் முழுக்க ஒருமுறை அரிசி இறைந்ததும் அந்த விளையாட்டே வீட்டில் நின்றுபோகிறது. குழந்தையின் குறும்பை விட, பாத்திரத்தின் தாழ்ந்த விளிம்புதான் பெரும்பாலும் அதற்குக் காரணம்.

தாம்பாளத்தில் அரிசி நிற்காது. 40 செ.மீ. அகலமும் 12 செ.மீ. உயரமும் உள்ள பிளாஸ்டிக் டப் போதும். அதில் 2 கிலோ போட்டால் ஏறக்குறைய 2 செ.மீ. ஆழம் கிடைக்கும், அளவு கூடக் கூட, அள்ளும்போது வெளியே சிந்துவதும் கூடும். அடியில் பழைய பெட்ஷீட்டை விரித்துவிட்டால், முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கி டப்பிலேயே கொட்டிவிடலாம். ஒரு புனல், ஓர் உழக்கு, ஒரு கரண்டி, இவ்வளவே சாமான். பத்துப் பொருளைக் கொடுத்தால் குழந்தை எதிலும் நிலைக்காமல் எல்லாவற்றையும் தள்ளிவிடும். உண்ணும் அரிசியில் விளையாட மனம் ஒப்பாதவர்கள் புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாம். அது காலில் ஒட்டாது, விளக்குமாற்றுக்கும் எளிதில் வரும்.

மாவுக்கு: மைதா 2 டம்ளர், தூள் உப்பு 1 டம்ளர், எண்ணெய் 2 டீஸ்பூன். தண்ணீரை முக்கால் டம்ளரில் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உப்பு இருப்பதால் சீக்கிரம் கெடாது. ஆனால் அதே உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதால் மறுநாள் பிசுபிசுக்கும். ஒரு கைப்பிடி மாவு தூவிப் பிசைந்தால் சரியாகும். எதையும் வாயில் வைக்கும் வயதில் இந்த உப்பு மாவு கூடாது. அவர்களுக்கு வெறும் சப்பாத்தி மாவைக் கொடுத்து, அன்றே எறிந்துவிட வேண்டும்.

கட்டும் விளையாட்டுகளில் எங்களுக்கு மிகப் பிடித்தது கொண்டைக்கடலையும் ஈர்க்குச்சியும். ஜெர்மனியில் 1837-இல் குழந்தைகளுக்கான கல்விக்கூடத்தைத் தொடங்கிய ஃபிரோபெலின் முறையில் ஊறவைத்த பட்டாணியும் குச்சியும் இருந்தன. நம் வீட்டில் அதற்கு ஈடு எப்போதும் உண்டு. கடலையை 8 மணி நேரம் ஊறவைத்துத் துணியில் துடைக்கவும். ஊறல் போதாவிட்டால் குத்தும்போது பிளக்கும், மிஞ்சினால் தோல் வழுகும். ஈர்க்கின் நுனி வளையும் என்பதால் தடித்த அடிப்பாகத்தையே 7 செ.மீ. துண்டுகளாக நறுக்க வேண்டும். முனையைச் சாய்வாகச் சீவித் தருவது பெரியவர் வேலை. 4 கடலை, 6 குச்சியில் முக்கோணக் கூம்பு தானே நிற்கும். 8 கடலை, 12 குச்சியில் கட்டிய சதுரப் பெட்டியோ ஆடிச் சாயும். ஏன் என்று குழந்தையே தொட்டுப் பார்க்கட்டும், உடனே சொல்லிவிட வேண்டாம். பிறகு 10 செ.மீ. குச்சி ஆறு கொடுங்கள். முகத்துக்கு ஒன்றாகக் குறுக்கே செருகினால் ஆட்டம் நின்றுவிடும். ஒரே கடலையில் ஆறு குச்சி சேர்ந்தால் அது பிளக்கும், ஆகவே குறுக்குக் குச்சிகளை மூலைகளுக்குப் பகிர்ந்து போட வேண்டும். காயக் காயக் கடலை சுருங்கிக் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இது ஐந்து வயதுக்கு மேல்தான். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் கையில் கடலை, புளியங்கொட்டை எதுவும் கூடாது. மூக்கிலோ மூச்சுக்குழாயிலோ போன பயறு ஈரத்தில் ஊதி அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் பெருக்கும் வண்ண ஜெல் மணிகளை எந்த வயதிலும் தவிர்க்கலாம். விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைப்பை உண்டாக்கும். கண்ணைப் பறிக்கும் சிவப்பென்று குன்றிமணியை யாரும் டப்பில் போட்டுவிடக் கூடாது. அதில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே.

சிறுவர் பக்கத்தில் ஒவ்வொரு செய்முறையின் கீழும் வயது, அளவு, எடுத்துவைக்கும் முறை என மூன்று வரி சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முன்பருவப் பள்ளி ஆசிரியைகள் சிலர்,
மதுரை.