அந்த வார்னிங்கை அணைத்துவிடாதே

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஜூன் 14-ஓடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றவும் டீசல் போடவும் மண்டபம் ஊரில் ஒரே ஓட்டம், அதில் உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மற்றபடி எல்லோரும் நலம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நீ பெர்ல் நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் ‘மதிப்பில்லாத மாறி’ என்று திரை நிறைய வார்னிங் கொட்டுகிறது, விடை சரியாகத்தான் வருகிறது, அணைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அணைக்காதே. நான் அணைத்துவிட்டு ஒரு மாதம் தப்புக் கணக்குக் கொடுத்தவன்.

இங்கே படகு கரைக்கு வந்ததும் ‘படகு 312 நண்டு 45 கிலோ 380 ரூபாய்’ என்று ஒரு வரி ஏற்றுவார்கள். ஸ்கிரிப்டில் ரெஜெக்ஸ், அதாவது வரியோடு பொருத்திப் பார்க்கும் வடிவம், இரண்டு உண்டு. முதலாவது படகு எண்ணை $1 என்ற மாறியில் எடுக்கும், அடுத்தது எடையை $1-இலும் விலையை $2-இலும் எடுக்கும். ஏலம் முடியாத வரியில் விலை இருக்காது என்பதால் விலைக்கான அடைப்புக்குறிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். விலை இல்லாவிட்டாலும் வரி பொருந்திவிடும், $2 மட்டும் காலியாக நிற்கும், அதைப் பெருக்கப் போனால் வார்னிங். இது தெரிந்ததுதானே என்று வார்னிங்கையே நிறுத்திவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் ஒரு பெரியவர் சீட்டோடு வந்து, “தம்பி, அன்றைக்கு நான் இறக்கினது மூணு கூடை, இதில் 312 கிலோ போட்டிருக்கே” என்றார். யாரோ ‘கிலோ’ இல்லாமல் ‘நண்டு 3 கூடை’ என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது ரெஜெக்ஸ் பொருந்தவில்லை. பொருத்தம் தோற்றால் பெர்ல் $1-ஐக் காலி செய்யாது, முன்பு பொருந்தியதில் கிடைத்ததே அதில் இருக்கும். படகு எண் எடையாகிவிட்டது! $1-க்கு வார்னிங் கிடையாது, ஏனென்றால் அதில் ஒரு மதிப்பு இருக்கிறதே. $2-வுக்கு வந்திருக்க வேண்டிய வார்னிங்தான் ஒரே அடையாளம், அதைத்தான் நான் அடைத்து வைத்திருந்தேன். அந்த மனிதர் நேர்மையாக வந்து சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது.

ஆகவே முதலில் வார்னிங்கின் கடைசி எண்ணைப் பார். கோப்பை வரிவரியாகப் படிக்கும்போது, ஸ்கிரிப்டின் வரி எண்ணுக்குப் பிறகு வருவது தரவுக் கோப்பின் வரி எண், நேராக அங்கே போய்ப் படி. ரெஜெக்ஸை எப்போதும் இஃப் (if) நிபந்தனைக்குள் வை, கிடைத்ததை அங்கேயே பெயருள்ள மாறிகளில் வாங்கிக்கொள், பொருந்தாத வரியை எல்ஸ் (else) பகுதியில் தனியாக அச்சிடு. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற அடைப்புக்கு மட்டும் // போடு, இடப்பக்கம் மதிப்பே இல்லாவிட்டால்தான் அது வலப்பக்கத்தை எடுக்கும், 2007-இல் வந்த பெர்ல் 5.10-இலிருந்து அது உண்டு. || வேண்டாம், அது 0-வையும் இல்லாததாக எடுத்துக்கொள்ளும், மீன் படாமல் திரும்பிய படகுக்கு 0 உண்மையான எண். அதேபோல வராத விலைக்கு 0 என்று நிரப்பிவிடாதே, ‘ஏலம் பாக்கி’ என்று எழுது.

சரிவராத நாலைந்து வரிகளை எனக்கு அனுப்பு, பார்க்கிறேன். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வருகிறாயா? புதுப் பாம்பன் பாலத்தில் நான் இன்னும் ரயிலில் போகவில்லை, நீ வந்தால் சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
முருகேசன்