எல்லை கடக்கும் ரயில்களை வாங்குமுன்: போக்குவரத்து அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கும் புகையிரதத் திணைக்களப் பொது முகாமையாளர் அவர்களுக்கும்,

வணக்கம். இந்தியாவுடனான தரைவழி இணைப்புக்குச் சாத்தியக்கூற்று ஆய்வு செய்வதாக 2023 ஜூலையில் இரு அரசுகளும் அறிவித்தது முதல், கொழும்பிலிருந்து சென்னைக்கு அதிவேக ரயிலில் போகலாம் என்ற பேச்சு வெள்ளவத்தைத் தேநீர்க்கடைகள் வரை வந்துவிட்டது. பாலம் வருமா, வந்தால் எப்போது என்பது என் விடயமல்ல. அத்தகைய சேவைக்கு ரயில் கொள்வனவு செய்யும் நாள் வந்தால், கேள்விப்பத்திரத்தில் வேகத்துக்கு முன்பாக எழுதப்பட வேண்டியவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

நெதர்லாந்தும் பெல்ஜியமும் அம்ஸ்டர்டாம்–பிரசல்ஸ் வழித்தடத்துக்காக, மணிக்கு 250 கிலோமீற்றர் வேகத்தில் ஓடக்கூடிய 19 ரயில்களை 2004இல் இத்தாலியத் தயாரிப்பாளரிடம் கோரின. பல ஆண்டுத் தாமதத்தின் பின் 2012 டிசம்பரில் சேவை தொடங்கியது. அடுத்த மாதமே, பனிக்காலத்தில் ரயிலின் அடிப்பாகத் தகடு கழன்று பாதையில் விழுந்ததும் அது நிறுத்தப்பட்டது. ரயில்கள் தயாரிப்பாளரிடமே திரும்பிப் போயின. அதற்கு முன்னரே பிரித்தானியா, பிரான்ஸை இணைக்கும் ஆங்கிலக் கால்வாய்க் கடலடிச் சுரங்கத்தினூடாக இரவுச் சேவை நடத்தவெனச் செய்வித்த பெட்டிகளை ஓட்டாமலே கைவிட்டு, 139 பெட்டிகளைக் கனடாவுக்கு விற்றது. செல்வந்த நாடுகள் இந்த நட்டத்தைத் தாங்கிக்கொள்ளும். கடன் மறுசீரமைப்பிலிருந்து மீண்டுவரும் நம்மால் இயலாது.

அந்தச் சுரங்கத்தினூடாக லண்டனை ஐரோப்பிய நகரங்களோடு இணைக்கும் யூரோஸ்டார் நிறுவனம் 2025 ஒக்டோபரில் அல்ஸ்தொம் என்ற ரயில் தயாரிப்பு நிறுவனத்திடம் 30 இரண்டடுக்கு ரயில்களைக் கோரியது. தேவைப்பட்டால் மேலும் 20. முதல் ரயில் 2031இல்தான் ஓடும். ஆனால் லண்டனில் போட்டி நிறுவனங்கள் உண்மையில் மோதிக்கொண்டது ரயில்களுக்காக அல்ல, டெம்பிள் மில்ஸ் பணிமனையில் அவற்றை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடத்துக்காகவே. நமது ரத்மலானைப் பணிமனையையும் தெமட்டகொடைக் கொட்டகையையும் அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. இலங்கையினதும் இந்தியாவினதும் அகலப்பாதை ஒன்றே, 1,676 மில்லிமீற்றர். ஆயினும் அங்கே பெரும்பாலான பாதைகளில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது, இங்கே டீசல்தான் இழுக்கிறது. இரண்டிலும் ஓடும் ரயிலையே வாங்குவதா, தலைமன்னாரில் இயந்திரத்தை மாற்றுவதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை ஒற்றைத் தண்டவாளம்; எதிரே வரும் ரயிலுக்காகக் காத்து நிற்கும் பாதையில் மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடும் ரயில் வெறும் அலங்காரமே.

அடுத்தது எல்லை. 1914இல் தொடங்கிய இந்திய–இலங்கைச் சேவையில் பயணி தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறினார். இலங்கைக்கு வந்த தோட்டத் தொழிலாளர்களுக்கான சுகாதாரச் சோதனை, இந்தியக் கரையில் மண்டபம் என்ற ஊரிலிருந்த முகாமிலேயே நடந்தது. (அந்த முகாமை நமது மலையக மூத்தோர் இனிமையாக நினைவுகூர்வதில்லை, சோதனை செய்வோரின் நடத்தையையும் விதிகளில் சேர்க்க வேண்டும்.) இன்று லண்டன் சென் பன்கிராஸ் நிலையத்தில் பிரெஞ்சு அலுவலர்கள், பயணி ரயிலேறுமுன்பே கடவுச்சீட்டைப் பார்த்துவிடுகிறார்கள். கொழும்புக் கோட்டை நிலையத்திலோ, அலுவலகம் விடும் நேரத்தில் மேடைகளை இணைக்கும் பாலத்தில் பொதியோடு ஒருவர் நின்றால் பின்னால் வருபவர்கள் அனைவரும் தேங்கிவிடுவார்கள். அங்கே குடிவரவுக் கூடத்தையும் சுங்கத்தின் ஊடுகதிர்க் கருவியையும் எங்கே வைப்பது? புதிய நிலையம் வேண்டுமெனில் அதன் செலவும் ரயிலின் விலையோடு சேர்த்தே மக்களுக்குச் சொல்லப்பட வேண்டும்.

எனவே, கொடுப்பனவின் பெரும்பகுதி தொழிற்சாலை வாயிலில் கையளிக்கும்போதன்றி இரு நாட்டுச் சமிக்ஞை முறைகளிலும் ரயில் தேறிய பின்னரே வழங்கப்பட வேண்டுமென்றும், உதிரிப்பாகங்களுக்கு ரயிலின் ஆயுட்காலம் முழுவதற்கும் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டுமென்றும், பராமரிப்புக் கையேடுகளும் ரயிலினுள் அறிவிப்புகளும் தமிழிலும் சிங்களத்திலும் அமைய வேண்டுமென்றும் கேள்விப்பத்திரத்தில் நிபந்தனையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் வரைவை மும்மொழிகளிலும் வெளியிட்டு, பொதுமக்களும் புகையிரதத் தொழிற்சங்கங்களும் கருத்துச் சொல்ல மூன்று மாத அவகாசம் தாருங்கள்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைப் பயணி ஒருவர்
கொழும்பு 06